நீலக் கிழவி

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டால் வீடு யாருக்கு, நாய் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. "கிழவி யாருக்கு?" என்றுதான் கேட்பார்கள். நகர மண்டபத்தில் கல்யாணம் பதிவானதும் ஊர் சார்பில் ஜோடிக்கு ஒரு படம் கொடுப்பது வழக்கம். ஏழை, பணக்காரன் வித்தியாசம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே படம், ஒரே அளவு. ஆவுக் என்ற பெண்மணியின் பழைய ஓவியத்தை நல்ல தடித்த தாளில் அச்சடித்த பிரதி. அசல், முன்பு சந்தைச் சரக்கை எடை போட்ட பழைய கூடத்தில் இருக்கும் எங்கள் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. பிரதி எங்கள் சோபாக்களுக்கு மேலே தொங்குகிறது.

ஆவுக் நானூறு வருஷத்துக்கு முந்தியவள். தானியக் கப்பல் வைத்திருந்த ஒருவனின் விதவை. கறுப்பு உடுப்பு, கழுத்தைச் சுற்றி அகலமான வெள்ளைக் காலர், இடது கையில் ஒரு ஜோடித் தோல் கையுறை. சிரிக்கப் போகிறாளா, சிரித்து முடித்துவிட்டாளா என்று சொல்ல முடியாத வாய். அவளை வரையும்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆனாலும் ஊருக்கு அவள் கிழவி. வரைந்தவன் பெயர் தெரியவில்லை. அதைப் பற்றிப் படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், போடட்டும்.

அந்தப் பிரதிகளை அடித்துக் கொடுத்தது எங்கள் அச்சகம். நான் அங்கே வேன் ஓட்டினேன், பொட்டலம் கட்டினேன், ஆள் இல்லாத நேரத்தில் காபியும் போட்டேன். ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் போகும் ரயில் நிற்கும் இந்த ஊரில் எந்தச் சந்தில் எந்த வீடு, எந்த வீட்டில் கிழவி எந்தச் சுவரில் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல வந்தது ஆவுக்கைப் பற்றி இல்லை. ஆவுக்கைப் பார்த்தே காலம் ஓட்டிய வீட்ஸ்கெயைப் பற்றி.

வீட்ஸ்கெ கடலணை ஓரத்துப் பண்ணை ஒன்றில் பிறந்தவள். காலண்டர் மடிக்கும் வேலைக்கு எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். வந்த புதிதில் ஒரு நாள், பாலாடைக்கட்டிப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் இரண்டு அடுக்கைக் காட்டி, "இது ரெண்டும் ஒரே சிவப்பு இல்ல" என்றாள். முதலாளி சிரித்தார். அடுத்த வாரம் ஒரு அடுக்கு திரும்பி வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை மடிப்பு மேஜையிலிருந்து எழுப்பி நிறம் பார்க்கும் மேஜையில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. எந்த வேலையானாலும் முதல் தாள் அவளிடம் போகும். ஓரத்தில் அவள் பென்சிலால் 'சரி' என்று எழுதினால்தான் மிச்சம் ஓடும்.

நிறம் பார்ப்பவள் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் உடுத்தக் கூடாது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைத் தாளைக் குனிந்து பார்த்தால் சட்டையின் சிவப்பு தாளில் விழும், கண் ஏமாந்துவிடும். அதனால் வீட்ஸ்கெ பனிக்காலத்திலும் சாம்பல், வெயில் காலத்திலும் சாம்பல். பார்க்கிறவர்கள் அவளைக் கன்னியாஸ்திரீ என்று நினைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதால் அது இன்னும் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

கிழவியின் பிரதி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் அடிப்போம். அதற்கு மட்டும் தனி முறை. போன வருஷத்துத் தாளை வைத்து இந்த வருஷத்துத் தாளை ஒப்பிடக் கூடாது என்பது வீட்ஸ்கெ போட்ட சட்டம். "தாள் பொய் சொல்லும். பழுக்கும், வெளுக்கும். படம் ஒண்ணுதான் பேசணும்" என்பாள். அதனால் அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் ஈரம் காயாத தாளைத் தட்டையான பெட்டியில் வைத்து வேனில் ஏற்றிப் போவோம். விளக்கை அணைத்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் படத்துக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நிற்பாள், நிற்பாள். பிறகு "சிவப்பு தூக்கல்" என்பாள். திரும்பி வருவோம். அடுத்த திங்கள் மறுபடி போவோம்.

அலுப்பு அவளுக்கு உடம்போடு பிறந்தது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் உட்காருவாள். கிளம்பும்போது, "போலாமா, அந்த மூஞ்சியப் பாக்க?" என்பாள்.

"என் அம்மா மூஞ்சியக்கூட நான் இவ்ளோ பாத்ததில்லப்பா, டௌவெ" என்றாள் ஒரு முறை வேனில். டௌவெ என்பது நான்தான்.

"அவளும் உன்னத்தானே பாத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு அலுக்காதா?"

"அவளுக்கென்ன. சும்மா நிக்கிறா. நான் சம்பளத்துக்கு நிக்கிறேன். அலுப்பு எனக்குத்தான்."

எங்கள் அச்சு இயந்திரத்தை ஓட்டிய கெர்முக்கு வீட்ஸ்கெயைச் சீண்டாவிட்டால் காபி இறங்காது. ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் கிழவி அவள் வீட்டில் மட்டும் இல்லை. கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் படம் என்பது விதி. "ஒரு கிழவி கெடைக்கும்னாவது எவனையாவது கட்டிக்கயேன், தாயே" என்பான் கெர்ம்.

"எவனையோ பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு இவளையே பாத்துக்கிட்டு இருந்துடலாம். இவ குறட்டை விட மாட்டா" என்பாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அலுத்துக்கொள்வாளே தவிர, அந்த மேஜையை அவளிடமிருந்து எடுத்திருந்தால் உயிரை எடுத்த மாதிரி. எங்களுக்கெல்லாம் வீடு, பிள்ளை, தோட்டம், படகு என்று பெருமைப்பட நாலு விஷயம் உண்டு. அவளுக்குக் கண் ஒன்றுதான்.

பிறகு அருங்காட்சியகத்தின் கூரை ஒழுகியது. இரண்டு வருஷம் மூடுவோம் என்றார்கள். எங்கள் ஊரில் இரண்டு என்றால் ஆறு. காண்ட்ராக்டர் திவாலானார், சுவருக்குள் இன்னொரு சுவர் இருந்தது, அந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று யாரோ வழக்குப் போட்டார்கள். கட்டடம் மூடியிருக்கும்போதே கிழவிக்கும் ஒரு குளியல் ஆகட்டும் என்று ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். காலகாலமாகப் பூசிய வார்னிஷ் கொஞ்சம் பழுப்பேறிக் கிடந்தது. அதையெல்லாம் எடுத்துவிட்டு, கட்டடம் தயாரானதும் திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் அதற்காக ஊரில் யாரும் கல்யாணத்தைத் தள்ளிவைக்கவில்லையே. படம் வேண்டும், அடிக்க வேண்டும். அசல் இல்லை. பழைய தாளைப் பார்க்கக் கூடாது, அது வீட்ஸ்கெயின் சட்டம். மிச்சம் இருந்தது அவள் ஞாபகம் மட்டும்தான்.

"எனக்கு அவள மனப்பாடமாத் தெரியும்" என்றாள். அதை நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. சூரியன் கிழக்கே என்று சொன்னால் சந்தேகப்படுவோமா?

முதல் வருஷம் தாளைப் பார்த்துவிட்டு, "மஞ்சளக் கொஞ்சம் கொறை, கெர்ம்" என்றாள். குறைத்தான். அடுத்த வருஷம் இன்னும் குறைக்கச் சொன்னாள். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அந்தக் காலர் இவ்ளோ பழுப்பா இருக்காது" என்பாள். பிறகு 'சரி' என்று எழுதுவாள். அடுக்கில் இருந்த கிழவி வருஷத்துக்கு வருஷம் வெளிறிக்கொண்டே போனாள். கடைசியில் காலர் நீலம் பாய்ந்து, கன்னத்தில் ரத்தமில்லாமல், கால்வாயில் விழுந்து குளிரில் விறைத்தவளை மேலே தூக்கிப் போட்ட மாதிரி ஆகிவிட்டாள்.

ஊர் பேசாமல் இருக்குமா? "கிழவிக்கு ஜலதோஷம்" என்றார்கள். "கல்யாணமாகி மறுநாளே புருஷன் மூஞ்சி இப்படித்தான் ஆகும்" என்றார்கள். ஆனால் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது: கிழவியைக் கழுவுகிறார்கள். பழுப்பு போய்விட்டது, உள்ளே இருந்தது இதுதான் போலிருக்கிறது. அசலை யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் நம்பினோம். கெர்ம் நம்பினான், நான் நம்பினேன், அருங்காட்சியகத்தில் புதிதாக வந்த டைரக்டர் அம்மா லீசலாட்டும் நம்பினார். வீட்ஸ்கெ எழுதியிருக்கிறாளே.

அந்த வருஷங்களில்தான் எனக்கு ஹிஸ்கெயுடன் கல்யாணம் ஆனது. இருவருக்குமே இரண்டாம் கல்யாணம், இருவருக்கும் முடி நரைத்துவிட்டது. முதல் கல்யாணத்துக் கிழவியை என் முதல் மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதிதாக ஒரு நீலக் கிழவி எங்கள் சோபாவுக்கு மேலே ஏறினாள். ஹிஸ்கெ அவளைப் பார்த்ததும், "பாவம், இவளுக்கு ஒரு சால்வை போத்தி விடணும்" என்றாள்.

இதற்கிடையில் வீட்ஸ்கெ இரவில் கார் ஓட்டுவதை விட்டாள். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் பூவாக விரிகிறது என்றாள். அலுப்பு, தூக்கமில்லை, வயசு என்று அவளே மூன்று காரணம் சொன்னாள். கண் டாக்டரிடம் போகச் சொன்னால் சிடுசிடுப்பாள். "என் கண்ணப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லணுமா?" கடைசியில் அணைச் சாலையில் சைக்கிளோடு ஒரு ஆட்டின் மேல் மோதினாள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் மணிக்கட்டு பிசகியது. மணிக்கட்டைப் பார்த்த டாக்டர் கண்ணையும் பார்த்து, லேவார்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு கண்ணிலும் கண்புரை. நல்ல முற்றிய புரை.

வலது கண்ணை முதலில் செய்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது.

"டௌவெ, வீட்டுக்கு வா."

"என்னாச்சு? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. வா."

போனேன். படுக்கையறையில் அலமாரியைத் திறந்து போட்டு, கம்பளிச் சட்டைகளையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். ஒரு வரிசை சாம்பல். பக்கத்தில் இன்னொரு வரிசை. அது சாம்பல் இல்லை. வெளிர் ஊதா. லாவண்டர் சோப்பு நிறம் என்று சொல்வார்களே, அது.

"இது என்ன நிறம்?" என்று அந்த வரிசையைக் காட்டினாள்.

"ஊதா."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். போன மூணு நாலு வருஷமா இதத்தானே போட்டுக்கிட்டு வர்ற. ஓய்வு பெறப் போற வயசுல ஒரு ஆசைன்னு நெனச்சோம். கெர்ம்கூட உனக்கு யாரோ ஆள் இருக்காங்கன்னு சொன்னான்."

அவள் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், அந்தப் பெருமூச்சு இல்லாமல். அது இல்லாமல் அவள் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. "சாம்பல்னு நெனச்சுத்தான் வாங்கினேன்" என்றாள். பிறகு வலது கண்ணைக் கையால் மூடி ஒரு சட்டையைப் பார்த்தாள். கையை மாற்றி இடது கண்ணை மூடி அதே சட்டையைப் பார்த்தாள். "இந்தக் கண்ணுக்குச் சாம்பல். இந்தக் கண்ணுக்கு ஊதா."

புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் இருப்பவருக்கே தெரியாதாம். உலகம் பழுத்துக்கொண்டே வரும், உலகம் எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று தோன்றும். அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் சோபாவுக்கு மேலே தொங்குகிறவளின் முகம் வந்துவிட்டது. அவளுக்கும் அவள்தான் வந்திருக்க வேண்டும். "மஞ்சளக் கொறை, மஞ்சளக் கொறைன்னு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

நான் ஆறுதல் சொல்ல நினைத்தேன். கட்டிலில் கிடந்த சட்டைகளை மடித்துக் கொடுத்தேன்.

இது நடந்தபோது அருங்காட்சியகம் திறக்க சில வாரம்தான் இருந்தது. கிழவி ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெட்டிக்குள் திரும்பி வந்துவிட்டாள். திறப்பு விழாவிலேயே வீட்ஸ்கெக்கும் வழியனுப்பு விழா என்று ஏற்பாடு. அச்சகத்திலிருந்து அவள் ஓய்வு பெறுகிறாள். கல்யாணம் ஆகாதவளுக்கு ஊர் கொடுக்கும் முதல் படம் அவளுக்குத்தான் என்று மேயர் விதியையே தளர்த்திவிட்டார். ஃப்ரேம் போட்டு, கீழே ஒரு சின்னத் தகடு. 'எங்கள் ஊரின் கண்' என்று அதில் பொறித்திருப்பதாக லீசலாட் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அந்த ஃப்ரேமுக்குள் இருந்தது நீலக் கிழவி. வீட்ஸ்கெ பென்சிலால் 'சரி' எழுதிய தாளே.

எழுதியதை எப்படி வாபஸ் வாங்குவது? சொன்னால் கண் போய்விடும். நான் சொல்வது ஆஸ்பத்திரிக் கண்ணை அல்ல. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இப்போதுதான் அசல் வந்துவிட்டதே, இரண்டும் ஒத்துப்போகாதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரை நான் இத்தனை வருஷமாகியும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை லீசலாட் போன் செய்தார். "வீட்ஸ்கெ, கொஞ்சம் வர முடியுமா? படத்த மாட்டிட்டோம். வெளிச்சம் சரியா வர மாட்டேங்குது."

போனோம். வடக்கு ஜன்னலை மூடிவிட்டிருந்தார்கள், பாதுகாப்புக்காம். கூரையில் புது விளக்குகள். எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணி உச்சியில் நின்றுகொண்டிருந்தார், ரொம்ப நேரமாக நிற்பவரின் முகத்தோடு. படத்துக்குப் பக்கத்தில், அந்த விளக்கு படாத இடத்தில், ஒரு தாங்கியில் எங்கள் நீலப் பிரதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அசலில் இருந்த கிழவியும் நீலமாகவே இருந்தாள். கன்னம் செத்து, காலர் குளிர்ந்து, பிரதியின் அக்கா மாதிரி நின்றாள்.

"முதல்ல மாட்டினப்போ ரொம்ப சிவப்பா தெரிஞ்சா" என்றார் லீசலாட் உற்சாகமாக. "உங்க பிரதியோட ஒத்தே வரல. அப்போதான் விளக்குலதான் தப்புன்னு புரிஞ்சுது. மூணு வகை மாத்திட்டோம். இப்போ பாருங்க, கிட்டத்தட்ட வந்துட்டா இல்ல? இன்னும் கொஞ்சம் நீலம் வேணுமா? நீங்க சொல்லுங்க."

நானூறு வருஷத்துப் படத்தின் மேல் விளக்கைத் திருகித் திருகி, வீட்ஸ்கெயின் பென்சில் எழுத்தோடு ஒத்துப்போக வைத்திருக்கிறார்கள். கழுவியவர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கடிதத்தோடு நிறக் குறிப்புகூட அனுப்பியிருந்தார்களாம். அவர்களுக்கு எங்கள் கிழவியைத் தெரியாது என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டாராம் லீசலாட்.

வீட்ஸ்கெ படத்தின் முன் போய் நின்றாள். வலது கண்ணை மூடினாள். கையை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். ஏணியில் இருந்தவர், "அம்மா, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் எறங்கிடுவேன்" என்றார்.

ஒரே வார்த்தைதான். அவள் வாழ்க்கை முழுக்க எழுதிய வார்த்தை. நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, சொல்லிவிடு, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினேன் என்பது எனக்கே தெரியவில்லை.

"இந்த விளக்க எடுத்துருங்க" என்றாள். "மொதல்ல எது போட்டீங்களோ அதயே போடுங்க."

"அதுல ஒத்து வரலையே, வீட்ஸ்கெ."

"ஒத்து வராதும்மா. தப்பு விளக்குல இல்ல. என் தாள்ல இருக்கு."

லீசலாட் சிரித்தார். அவள் தன்னடக்கத்தோடு பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார். "நீங்க 'சரி'ன்னு எழுதியிருக்கீங்களே."

"எழுதினவளுக்குக் கண்ணு தெரியல" என்றாள் வீட்ஸ்கெ. குரலை உயர்த்தவில்லை. காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லும் குரலில் சொன்னாள். "புரை. ஆறு வருஷமா. ஊருக்கு நான் குடுத்ததெல்லாம் தப்பு."

பிறகு ஏணி உச்சியிலிருந்து, "அப்போ நான் மூணு நாளா இங்க தொங்கிக்கிட்டிருந்தது?" என்று கேட்டது. அந்த ஆளை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். வீட்ஸ்கெகூட லேசாக உதட்டை இழுத்தாள்.

விளக்கை மாற்றினார்கள். ஆவுக்கின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. காலர் வெண்ணெய் தடவிய வெள்ளைக்கு வந்தது. கையில் இருந்த தோல் கையுறையில் பழைய அழுக்குக்கூடத் தெரிந்தது. சிரிக்கப் போகிறவளா சிரித்து முடித்தவளா என்று எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. சிரிக்கத்தான் போகிறாள். வீட்ஸ்கெ இடது கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். திரும்பியபோது அழுத முகமாக இருந்தாள். "இவ்ளோ நல்லா இருக்காளே" என்றாள். "இவளப் போயி..."

அதற்குப் பிறகு அவளை யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் திட்டவில்லை. முதலாளி தோளில் தட்டினார். மேயர் விழாவில் அவள் நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். கெர்ம், சீண்டுவதையே விட்டுவிட்டான். "காபி வேணுமா, வீட்ஸ்கெ?" என்று மரியாதையாகக் கேட்டான். அதுதான் அவளை ரொம்பக் குத்தியது என்று நினைக்கிறேன். தகட்டை மட்டும் கழற்றிவிட்டார்கள். அது நல்ல எண்ணத்தில்தான் கழற்றினார்கள், சங்கடப்படக் கூடாதே என்று. ஃப்ரேமுக்குள் புதிதாக அடித்த சிவந்த கிழவியை வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வேறு யாரோ பார்த்துச் சரி சொன்னார்கள். வீட்ஸ்கெ அதை வாங்கி, நன்றி சொல்லி, என் வேனின் பின்சீட்டில் முகம் கீழே இருக்கும்படி வைத்தாள். வீடு வந்ததும் எடுக்க மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தியபோது, "அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

நீலக் கிழவி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். மாற்றுவதற்கு ஓர் அடுக்கு அடித்து நான்தான் கட்டி வைத்தேன். அதில் முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். "குழந்த பொறந்தப்போ இவதான் மேல இருந்தா" என்றாள் ஒரு பெண். ஒருவன், "மாத்திட்டு வந்தா இன்னொரு பெண்டாட்டி மாதிரி இருக்குமே" என்றான். ஹிஸ்கெயிடம் நானே கேட்டேன்.

"மாத்தலாமா?"

"எதுக்கு?"

"நிறம் தப்பு."

"உன் மூஞ்சி நிறமும்தான் தப்பு. மாத்தினேனா?" என்றாள் அவள்.

இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்தார்கள். வீட்ஸ்கெ தள்ளிப் போட்டாள். மறுபடி குறித்தார்கள், மறுபடி தள்ளினாள். ஒரு கண் மஞ்சள், ஒரு கண் வெள்ளை என்று நடந்தால் படி தெரியாமல் விழுவாய் என்று ஆஸ்பத்திரியில் மிரட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள். முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்பதற்கு என்று நினைத்தேன்.

"உன் வீட்டுக் கிழவி இன்னும் இருக்காளா?"

"இருக்கா. ஹிஸ்கெ விட மாட்டேங்கிறா."

"இப்போ வரட்டுமா?"

வந்தாள். ஊதாச் சட்டை போட்டிருந்தாள். இனி நிறம் பார்க்கும் வேலை இல்லை, எதை வேண்டுமானாலும் போடலாம். வந்தவள் எங்கள் சோபாவில் உட்காரவில்லை, எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள், படம் நேரே தெரியும்படி. அந்தப் பழைய பெருமூச்சு வந்தது. எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ஹிஸ்கெ காபியும் சர்க்கரை ரொட்டியும் வைத்தாள்.

வீட்ஸ்கெ வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டாள். புரை இருந்த கண்ணால் மட்டும் என் நீலக் கிழவியைப் பார்த்தாள். தாளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பாளே, அதே பார்வை. நெற்றி சுருங்கி, மெல்ல விரிந்தது.

"டௌவெ" என்றாள்.

"சொல்லு."

"சரியாத்தான் இருக்கா. காலர், கன்னம், கையுறை எல்லாம் சரி. ஒரு பிசகு இல்ல. அங்க அன்னிக்குப் பாத்தோமே, விளக்கு மாத்தினதும், அதே மாதிரி இருக்கா." அவள் குரல் நடுங்கியது. "நான் ஒழுங்காத்தான் பாத்திருக்கேன்ப்பா. இந்தக் கண்ணுக்கு ஒழுங்காத்தான் பாத்திருக்கேன்."

ஹிஸ்கெ சொன்னாள்: "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, வீட்ஸ்கெ. மனசாரத்தான் சொல்றேன். உங்க வீட்ல ஒரு கிழவிகூட இல்லையே."

"வேண்டாம்மா" என்றாள் வீட்ஸ்கெ. "நாளைக்கு இந்தக் கண்ணையும் செஞ்சிருவாங்க. அப்புறம் எனக்கும் இவ நீலம்தான்."

கையை அவள் எடுக்கவில்லை. காபி ஆறியது. ஹிஸ்கெ விளக்கைப் போட எழுந்தாள், நான் வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.